பழைய காரின் ஹீட்டர் கோர்: சொல்லிவிட்டு விற்போம்

மே, ஜூன் மாதம் வந்தால் நம்மாட்களின் வாட்ஸாப் குழுக்களில் கார் வியாபாரம் களைகட்டும். ஊருக்கே திரும்புகிறவர்கள், வேறு மாநிலத்துக்கு மாறுகிறவர்கள், புது வண்டி எடுத்துவிட்டவர்கள் என்று ஆளுக்கொரு பழைய காரை விலைக்குப் போடுவார்கள். வாங்குவதும் பெரும்பாலும் நம்மாட்கள்தான். புதிதாக வந்திறங்கிய குடும்பம், படிக்க வந்த பையன்கள். "நம்ம ஊர் ஆளு, ஏமாத்த மாட்டார்" என்கிற ஒரே நம்பிக்கையில் காசு கைமாறும். நல்ல பழக்கம்தான். ஆனால் இதில் ஒரு விஷயம் ரொம்ப நாளாக எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஹீட்டர் கோர் ஒழுகுகிற வண்டியை அதைப்பற்றி வாயே திறக்காமல் விற்பது. அது தப்பு என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

ஹீட்டர் கோர் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக நாலு வரி. டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர் அது. எஞ்சினில் சூடேறிய கூலண்ட், கிட்டத்தட்ட 90 டிகிரி செல்சியஸ் சூட்டில், இரண்டு ரப்பர் ஹோஸ் வழியாக அதற்குள் வந்து போகும். ஃபேன் அதன்மேல் காற்றை ஊதும். அந்தக் காற்றுதான் நம் காலுக்கும் முன் கண்ணாடிக்கும் வருகிறது. கூலண்டை வருஷக்கணக்கில் மாற்றாமல் விட்டால் அதில் கலந்திருக்கும் அரிப்புத் தடுப்பான் தீர்ந்துபோகும். அதன்பிறகு கோரின் மெல்லிய குழாய்களைக் கூலண்டே உள்ளேயிருந்து அரிக்க ஆரம்பிக்கும். ஒருநாள் ஊசிமுனை அளவு ஓட்டை விழும்.

ஒழுக ஆரம்பித்துவிட்டால் வண்டியே சொல்லிவிடும். உள்ளே லேசான தித்திப்பு வாடை. முன் கண்ணாடியின் உள்பக்கம் எத்தனை தடவை துடைத்தாலும் போகாத எண்ணெய்ப் பிசுக்கு. பக்கத்து சீட்டின் கால்மிதியில் ஈரம். மாதாமாதம் குறையும் கூலண்ட். ஏசி தண்ணீர் போகும் குழாய் அடைத்துக்கொண்டாலும் கால்மிதி நனையும், ஆனால் அது வெறும் தண்ணீர். வெள்ளைப் பேப்பர் டவலை வைத்து அழுத்திப் பாருங்கள். நிறமும் வழவழப்பும் இருந்தால் அது கூலண்ட்தான்.

இனி எங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன். எனக்குச் சொந்த ஊர் வரதய்யபாளையம். 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டம், இப்போது திருப்பதி மாவட்டம். தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் கலந்து ஓடுகிற எல்லை ஊர். மே மாத வெயிலில் காருக்குள் உட்கார்ந்தால் வேர்க்கடலை வறுபடுகிற மாதிரி இருக்கும். பக்கத்திலேயே ஸ்ரீசிட்டி வந்து, 2016-இல் இசுசு கார்த் தொழிற்சாலைகூடத் திறந்தாகிவிட்டது. இருந்தாலும் காரில் அந்தச் சிவப்புக் குமிழ் எதற்கு இருக்கிறது என்று எங்கள் ஊரில் யாரும் கேட்டதில்லை. அதைத் திருப்பவேண்டிய தேவையே வந்ததில்லை. ஒருமுறை போனில் எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணனிடம் இந்த ஒழுகலைப் பற்றிப் பேச்சு வந்தபோது அவர் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "அதுக்கு எதுக்கு தம்பி டேஷ்போர்டைப் பிரிக்கறது? ரெண்டு ஹோஸையும் கழட்டி ஒண்ணோட ஒண்ணு சேத்து லூப் அடிச்சு விட்டுடு. ஹீட்டர் யாருக்கு வேணும்?" என்றார்.

அவர் சொன்னது அவர் ஊருக்கு நூற்றுக்கு நூறு சரி. பத்து நிமிஷ வேலை, ஒழுகல் நின்றது, எஞ்சினுக்கும் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் அதே வேலையை நான் இருக்கிற மின்னசோட்டாவில் செய்தால் என்ன ஆகும்? ஜனவரியில் மைனஸ் 20 டிகிரி என்பது இங்கே செய்தியே இல்லை. ஹீட்டர் இல்லையென்றால் குளிர் மட்டும் பிரச்சினை அல்ல, ஜாக்கெட் போட்டுச் சமாளிக்கலாம். பிரச்சினை கண்ணாடி. உள்ளே இருக்கும் நாலு பேரின் மூச்சுக்காற்றே முன் கண்ணாடியில் படிந்து, உள்பக்கமாகவே உறைந்துவிடும். ரோடு தெரியாது. முன் கண்ணாடியில் படியும் பனியையும் ஆவியையும் நீக்கும் வசதி புதுக்காரில் இருந்தே ஆகவேண்டும் என்று அமெரிக்க மத்திய வாகனப் பாதுகாப்பு விதிகளில் 103-ஆம் எண் விதி சொல்வது இதனால்தான். இங்கே ஹீட்டர் என்பது சொகுசு அல்ல, பிரேக் மாதிரி ஒரு பாதுகாப்புச் சாமான்.

லூப்பும் அடிக்காமல் ஒழுகலோடு ஓட்டினாலோ? கொதிக்கிற கூலண்ட் ஒருநாள் பக்கத்து சீட்டில் இருப்பவர் காலில் கொட்டலாம். போதாததற்கு அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் தித்திப்பான விஷம். கால்மிதியில் தேங்கியதைக் கையால் தொட்டு வாயில் வைக்கும் குழந்தைக்குக் கொஞ்சம் போனாலே ஆபத்து. கசப்பு மருந்து கலந்து விற்க அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் 2012-இல் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் கசந்தாலும் விஷம் விஷம்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன் இங்கே ஒரு தமிழ்க் குடும்பம் வந்தது. கணவன், மனைவி, இரண்டு வயதுப் பெண் குழந்தை. ஜூலையில் நம்மாள் ஒருவரிடமிருந்து 3,200 டாலருக்கு ஒரு பழைய செடான் வாங்கினார்கள். ஏசி ஜில்லென்று இருந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். நவம்பரில் முதல் பனி விழுந்தபோது ஹீட்டரைப் போட்டால் பச்சைத் தண்ணீர் மாதிரி காற்று. "அண்ணா, ஏதோ ஃப்யூஸ் போயிருக்கும்போல, கொஞ்சம் பாக்கறீங்களா?" என்று அந்தத் தம்பி கேட்டான். பானட்டைத் திறந்து பார்த்தேன். ஹீட்டருக்குப் போகவேண்டிய இரண்டு ஹோஸும் அழகாக லூப் அடிக்கப்பட்டு, கிளாம்ப்கூடப் பளபளவென்று புதிதாக இருந்தது. விற்றவர் அதற்குள் வேறு மாநிலம் போய்விட்டார். போனில் கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: "ஹீட்டரைப் பத்தி நீங்க கேக்கவே இல்லையே!"

என் ஆத்திரமெல்லாம் இந்த ஒரு பதில் மேல்தான். சட்டப்படி பார்த்தால் அவர் பேசுவதில் தெம்பு இருக்கிறது. பழைய கார் விற்கும் டீலர்கள், வாரண்டி உண்டா, 'இருக்கிறபடியே' விற்பனையா என்று ஜன்னலில் ஒட்டிக் காட்டவேண்டும் என்ற மத்திய விதி 1985 முதல் இருக்கிறது. தனி ஆள் தன் காரை விற்றால் அந்த விதி கிடையாது. மின்னசோட்டாவில் வருஷாந்திரப் பாதுகாப்புச் சோதனையும் கிடையாது. பார்த்து வாங்குவது வாங்குகிறவன் பொறுப்பு என்று சொல்லிவிடலாம்.

எங்கள் பக்கத்து மாட்டுச் சந்தையிலும் அதே கதைதான், துண்டைப் போட்டு மூடி விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். ஆனால் அங்கே வாங்குகிறவனுக்குப் பல்லைப் பிடித்து வயசு பார்க்கத் தெரியும், சுழி பார்க்கத் தெரியும். விற்கிறவனுக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரியும். இங்கே அப்படியா? நாற்பது டிகிரி வெயிலில் வளர்ந்தவன், வாழ்க்கையில் ஒருதடவைகூட ஹீட்டரைப் போடாதவன், ஜூலை மாதத்தில் கார் பார்க்க வருகிறான். அவன் எப்படிக் கேட்பான்? அவனுக்குக் கேட்கத் தெரியாது என்பது, இரண்டு மூன்று பனிக்காலம் பார்த்த விற்பவருக்கு நன்றாகவே தெரியும். அடுத்தவனின் அறியாமையை விலையில் சேர்த்துக்கொள்வது வியாபாரம் இல்லை.

"மாற்றுவதற்கு ஆகும் செலவில் இன்னொரு காரே வாங்கலாமே" என்பார்கள். பாதி உண்மை. அந்தத் தம்பிக்கு ஒரு கடையில் சொன்ன கணக்கு: கோர் 80 டாலர், ஒன்பது மணிநேரக் கூலியெல்லாம் சேர்த்து 1,300 டாலர். சாமான் மலிவு, அது உட்கார்ந்திருக்கும் இடம்தான் செலவு. கடைசியில் நாங்கள் மூன்று பேர் ஒரு சனி ஞாயிறு என் கராஜில் உட்கார்ந்து மாற்றினோம். ஏர்பேக் இருப்பதால் முதலில் பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தோம். கழற்றிய ஸ்க்ரூவையெல்லாம் முட்டை அட்டையில் குழிக்குக் குழி எண் போட்டு வைத்தோம். கோரைச் சுற்றியிருந்த பழைய ஸ்பாஞ்சைப் புதுசாக ஒட்டினோம். புதுக் கூலண்ட் ஊற்றி, உள்ளே மாட்டிய காற்றை வெளியேற்றி முடிக்க ஞாயிறு ராத்திரி ஆகிவிட்டது. அந்த வண்டியில் ஏசி குழாயைத் தொடவேண்டியிருக்கவில்லை. தொடவேண்டிய வண்டிகளில் இதை வீட்டில் செய்யாதீர்கள், ஏசி வாயுவைத் திறந்துவிடுவது இங்கே சட்டவிரோதம்.

ஒழுகலை அடைக்கிறேன் என்று ரேடியேட்டரில் கொட்டும் பவுடரையும் சிலர் சிபாரிசு செய்வார்கள். அது ஓட்டையை மட்டுமா அடைக்கும்? கோரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்தே அடைக்கும். விற்கும்வரை தாக்குப்பிடிக்கட்டும் என்று ஊற்றுவது லூப் அடித்து மறைப்பதைவிட மோசம்.

நான் எல்லோரையும் மாற்றிவிட்டுத்தான் விற்கவேண்டும் என்று சொல்லவில்லை. அவ்வளவு செலவு செய்ய முடியாதவர்கள் இருக்கிறார்கள், புரிகிறது. சொல்லிவிட்டு விலையைக் குறையுங்கள், அவ்வளவுதான். 3,200 டாலர் வண்டியை 1,900-க்குக் கொடுங்கள். "ஹீட்டர் கோர் ஒழுகுகிறது, ஹோஸ் லூப் அடித்திருக்கிறது, பனிக்காலத்துக்குமுன் மாற்றவேண்டும்" என்று ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, சாவியோடு கொடுங்கள். வாங்குகிறவன் டெக்சாஸுக்குப் போகிறவனாக இருந்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வான். கைக்குழந்தையோடு இங்கேயே இருக்கப்போகிறவன் வேண்டாம் என்று போய்விடுவான். முடிவு அவனுடையதாக இருக்கட்டும்.

வாங்குகிறவர்களே, வெயில் கொளுத்தினாலும் கூச்சப்படாமல் இதைச் செய்யுங்கள். வண்டியைக் கால்மணி நேரம் ஓட்டி எஞ்சினைச் சூடாக்குங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்புங்கள். ஐந்து நிமிஷம் வியர்க்கட்டும். சூடு வருகிறதா, தித்திப்பு வாடை வருகிறதா, கண்ணாடியில் படலம் படிகிறதா என்று பாருங்கள். பக்கத்து சீட்டுப் பாயைத் தூக்கி அடியில் கைவைத்துப் பாருங்கள். பானட்டைத் திறந்து, எஞ்சினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் உள்ள தடுப்புக்குள் இரண்டு ஹோஸும் போகிறதா, இல்லை யூ மாதிரி வளைந்து திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். விற்கிறவர் முகம் சுளித்தால், அதுவும் ஒரு பதில்தான் :-)

இந்தக் கோடையில் உங்களில் யாராவது பழைய காரை விலைக்குப் போடுவதாக இருந்தால், மைலேஜும் டயர் நிலவரமும் எழுதுகிற அந்தச் செய்தியில் ஹீட்டரைப் பற்றியும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.