வால் நீண்ட சுறாவை விட்டுவிடுங்கள்

தோணியிலும் கயாக்கிலும் போய்ச் சுறா பிடித்துப் படம் போடும் தம்பிமாருக்கு ஒரு வார்த்தை.

வீட்டில் வறை ஆக்கச் சுறா கொண்டுவருவது குற்றமில்லை. ஆனால் உடம்பளவு நீளமான வாலுள்ள சுறாவைப் பிடிப்பதற்கு நம் நாட்டில் 2012 முதல் தடை இருக்கிறது. சாளை, சூடைபோல் அது ஆயிரக்கணக்கில் முட்டையிடாது. ஒரு சூலில் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு குட்டிகள்தான் ஈனும். அழிந்தால் மீள்வது கஷ்டம்.

"சுறா ஹலால்தானே சேர்?" என்று கேட்கிறீர்கள். ஷாபிஈ மத்ஹபில் ஹலால்தான். அதற்காக, சட்டம் தடுத்ததைப் பிடிக்கலாம் என்றாகிவிடாது. கடல் நம் பிள்ளைகளுக்கும் சேர்த்துத் தரப்பட்ட அமானிதம்.

உயிரோடு மாட்டினால் வாயோரம் தங்கூசியை வெட்டி விட்டுவிடுங்கள். கறிக்கு வேறு மீன் கிடைக்கும்.