முதலில் யார் ஒதுங்குவது?

நிர்வாணமாக மலை ஏறுவது உரிமையா, குற்றமா என்று ஐரோப்பாவில் நடக்கும் சண்டையில் இரண்டு தரப்புமே பெண்களைச் சாட்சிக்கு இழுக்கின்றன. தடை வேண்டும் என்பவர்கள், "பெண்களும் பிள்ளைகளும் போகிற பாதை" என்கிறார்கள். உடையின்றி நடப்பவர்கள், "பெண்களும் எங்களோடு வரட்டும், யார் தடுத்தது?" என்கிறார்கள். எதிரே தனியே வருகிற பெண் என்ன நினைக்கிறாள் என்று கேட்க இரண்டு தரப்புக்கும் நேரமில்லை. இருபது வருடமாக சுவிற்சர்லாந்தின் மலைப்பாதைகளில், பெரும்பாலும் தனியே, நடக்கிறவள் நான். யாரும் கேட்காததால் நானே சொல்கிறேன்.

தடைக்காரர்களை முதலில் பார்ப்போம். 2009 ஏப்ரல் 26 அன்று அப்பென்செல் இன்னர்ரோடன் மாநிலத்து மக்கள் திறந்தவெளியில் கூடி, கையை உயர்த்தி, நிர்வாண மலைநடையைத் தடைசெய்தார்கள். மீறினால் 200 பிராங் தண்டம். இதே கூட்டம்தான் 1990 ஏப்ரலில் பெண்களுக்கு வாக்குரிமை கிடையாது என்று தீர்மானித்தது. அந்த வருடம் நவம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் தலையிட்ட பிறகே அங்கே பெண்கள் மாநில வாக்கெடுப்பில் கை உயர்த்த முடிந்தது. ஆண்கள் வாக்குரிமையின் அடையாளமாக இடுப்பில் வாளோடு வரும் வழக்கம் இன்றும் உண்டு. பெண்களுக்கு ஓர் அட்டை. 2009இல் தடைக்குக் கை உயர்த்தியவர்களில் பெண்களும் இருந்திருப்பார்கள், மறுக்கவில்லை. ஆனால் பத்தொன்பது வருடத்துக்கு முன்புவரை என்னைக் கூட்டத்துக்குள் விடாத ஊர், மலையில் என் கண்ணைக் காப்பாற்றக் கிளம்பினால் எனக்குச் சந்தேகம் வருவது இயல்பு.

பக்கத்து அவுசர்ரோடன் மாநிலத்தில் ஒருவர் உடையில்லாமல் நடந்து, தீமூட்டிச் சமைக்கும் இடத்தில் சிறு பிள்ளைகளோடு இருந்த ஒரு குடும்பத்தையும் ஒரு கிறிஸ்தவ மறுவாழ்வு நிலையத்தையும் கடந்து போனார். 100 பிராங் தண்டம். 2011இல் கூட்டாட்சி நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வழக்கு முழுவதும் ஒழுக்கம், கண்ணியம் என்ற சொற்களைச் சுற்றியே நடந்தது. ஒழுக்கம் என்ற சொல் சட்டத்துக்குள் ஒருமுறை நுழைந்துவிட்டால் கடைசியில் அது யாருடைய உடலில் போய் உட்காரும் என்று நமக்குத் தெரியும். 2025 ஜனவரி 1 முதல் சுவிஸ் முழுவதும் பொதுவெளியில் முகத்தை மூடுவது குற்றம். தண்டம் 1000 பிராங் வரை. எதுவும் உடுத்தாத ஆணுக்கு ஒரு மாநிலத்தில் 200, கூடுதலாக உடுத்திய பெண்ணுக்கு நாடு முழுவதும் 1000. சட்டத்தில் நிக்காப் என்ற சொல் இல்லை என்பார்கள். 2021 வாக்கெடுப்புக்கு முன் தெருவெல்லாம் ஒட்டிய சுவரொட்டிகளில் யாருடைய கண்கள் இருந்தன என்பதை நான் மறக்கவில்லை.

ஆகவே தடையை நான் ஆதரிக்கவில்லை. நிர்வாணம் தன்னளவில் குற்றமல்ல.

அதற்காக உடை களைந்த ஆண்கள் என் தோழர்களாகி விடுவதில்லை. இவர்களில் உலகம் அறிந்தவர் ஸ்டீவன் கொஃப், பிரித்தானியக் கடற்படைப் பிரிவின் முன்னாள் வீரர். 2003இல் தொடங்கி இங்கிலாந்தின் தென்மேற்கு முனையிலிருந்து ஸ்கொட்லாந்தின் வடக்கு முனைவரை சப்பாத்தும் முதுகுப்பையுமாக நடந்தார். பிறகு இன்னொரு தடவையும் நடந்தார். உடுத்த மறுத்ததற்காக 2006 முதல் 2012 வரையான காலத்தில் பெரும்பகுதியை ஸ்கொட்லாந்துச் சிறைகளில் கழித்தார். விடுதலையாகி வாசலுக்கு வந்ததுமே மறுபடி கைது. 2014இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் அவரைக் கைவிட்டது. இந்தத் தண்டனை அநியாயம் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால் இதே நடையை ஒரு பெண் தனியே நடந்திருந்தால்? அவள் பொலிஸ் வரும்வரை தப்பியிருப்பாளா என்பதுதான் என் முதல் கேள்வி. அவருக்கு அரசு மட்டும்தான் எதிரி. அதுவே ஒரு சலுகை.

இனி என் பாதைக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன், வார நாள் ஒன்றில், காட்டைக் கடந்து மேய்ச்சல் நிலத்துக்கு ஏறும் ஒற்றையடிப் பாதையில் ஒருவர் இறங்கி வந்தார். அறுபது வயதிருக்கும். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, முதுகுப்பை, நல்ல விலையான மலைச் சப்பாத்து. வேறொன்றுமில்லை. இங்கே மலையில் எதிர்ப்படுபவருக்கு வணக்கம் சொல்லாமல் போவது மரியாதையில்லை. அவர் சொன்னார். நானும் சொன்னேன். அதற்குள் என் தலை கணக்குப் பார்த்து முடித்திருந்தது: வலப்பக்கம் பாறை, இடப்பக்கம் சரிவு, தொலைபேசியில் சிக்னல் இல்லை, கடைசியாக மனிதரைக் கண்டு நாற்பது நிமிடம். ஊன்றுகோலை வலக்கைக்கு மாற்றினேன். பாறையோடு ஒட்டி நின்று வழிவிட்டதும் நான்தான். அவர் புன்னகையோடு, நல்ல காலநிலை என்று சொல்லிக்கொண்டு கடந்து போனார்.

எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அவர் இப்போது எனக்கும் ஊருக்கும் நடுவில் இருந்தார். அதே வழியால் திரும்ப மனம் வரவில்லை. மறுபக்கத்தால் இறங்கி, இரண்டு மணித்தியாலம் கூடுதலாகச் சுற்றி, தபால் பஸ்ஸைத் தவறவிட்டு, இருட்டிய பிறகு வீடு வந்தேன். அவருடைய சுதந்திரத்துக்கு அன்று செலவு இருந்தது, கட்டியது நான். அவருக்கு அது தெரியவே தெரியாது. இன்றைக்கும் அதை ஒரு இனிமையான சந்திப்பாக அவர் நினைவு வைத்திருக்கக்கூடும்.

இதை நான் சொன்னபோது இரண்டு பதில்கள் கிடைத்தன. முற்போக்கு நண்பர் ஒருவர், "வெறும் உடம்புதானே தோழர், பிரச்சினை உங்கட பார்வையிலதான்" என்றார். எங்கள் ஊர் அண்ணர் ஒருவர், "இதுக்குத்தான் சொல்லுறது தங்கச்சி, தனிய மலைக்குப் போகாதேங்கோ எண்டு" என்றார். ஒருவர் என் கண்ணைத் திருத்தச் சொல்கிறார், மற்றவர் காலைக் கட்டச் சொல்கிறார். இறங்கி வந்தவரிடம் சொல்ல இருவருக்கும் ஒரு சொல்லும் இல்லை.

"வெறும் உடம்பு" என்ற அந்தச் சொல்லை நான் விடப்போவதில்லை. யாழ்ப்பாணத்தில் சைக்கிளில் பள்ளிக்கூடம் போன எங்களில் பலர் ஒரு ஆணின் நிர்வாணத்தை முதன்முதல் கண்டது ஒழுங்கை முடக்கில், சாரத்தைத் தூக்கிக்கொண்டு நின்றவனிடம். அவனுக்கு வேண்டியிருந்தது எங்கள் முகம் மாறுவது. மலையில் வந்தவருக்கு அது வேண்டியிருக்கவில்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் பத்து மீற்றர் தூரத்தில், மூன்று விநாடியில், இந்த இருவரையும் நான் எதை வைத்துப் பிரித்தறிய? இங்கிலாந்தின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் பார்ப்பவரைக் கலங்கடிக்கும் நோக்கம் இருந்ததா என்று கேட்கிறது. நீதிமன்றத்துக்கு அது சரியான கேள்விதான். நோக்கம் அவன் மண்டைக்குள் இருக்கிறது. பாதையில் நிற்கிற எனக்கு அதைப் படிக்க வழியில்லை.

இன்னொன்றும் உண்டு. அப்பென்செல் மக்கள் நிர்வாணத்துக்கு எதிராகக் கை உயர்த்திய அந்த ஏப்ரலில், நாங்கள் வன்னிக்காக சுவிஸ் நகரங்களின் தெருக்களில் நின்றோம். பிறகு வந்த காணொளிகளில், உடை உரியப்பட்ட எங்கள் பெண்களின் உடல்களைப் பார்த்தோம். எங்கள் ஆண்களே அவற்றைக் கைத்தொலைபேசியில் ஒருவருக்கொருவர் அனுப்பினார்கள். உடை என்பது சுமை, களைந்தால் விடுதலை என்று சொல்லக்கூடியவர் தன் கையால் மட்டுமே தன் உடையைக் கழற்றிய ஒருவர்.

நிர்வாணத்தின் இன்பம் எங்களுக்குத் தெரியாது என்று மட்டும் யாரும் நினைக்கவேண்டாம். ஒரு மலை ஏரியில் (பெயர் சொல்லமாட்டேன், 200 பிராங் விஷயம்) விடியற்காலையில் மூன்று பெண்கள் ஒன்றும் உடுக்காமல் குளித்திருக்கிறோம். பனி உருகி வந்த தண்ணீர் முதுகெலும்பில் ஏறுகிற அந்தக் கணத்துக்கு ஈடு எதுவுமில்லை. ஆனால் எங்களில் ஒருத்தி எப்போதும் கரையில், உடுத்தபடி, பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முறை வைத்து மாறினோம். உடையில்லாமல் மலை ஏறும் ஆண்கள் இப்படிக் காவல் வைத்து நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

யேர்மனியின் ஹார்ட்ஸ் மலையில் 2010இல் சுமார் 18 கிலோமீற்றர் நீளத்துக்கு ஒரு நிர்வாண நடைபாதையைத் திறந்தார்கள். உடையற்றவர்களைக் காண விரும்பாதவர் இதற்கு மேல் போகவேண்டாம் என்ற பொருளில் அறிவிப்புப் பலகை உண்டு. எனக்கு அந்தப் பலகை பிடிக்கும். முடிவெடுக்கும் இடம் அங்கே மூன்று விநாடிக்குள் இல்லை. பாதையின் தொடக்கத்திலேயே இருக்கிறது. மற்றப் பாதைகளில் எனக்கு வேண்டியது பொலிஸ் அல்ல. இடுப்பில் ஒரு துவாய். வளைவுக்கு முன்னமே ஒரு குரல். ஆளைக் கண்டதும் துவாயைக் கட்டிக்கொண்டு, பாதையைவிட்டு முதலில் விலகி நிற்பது. நின்று கதை கொடுக்காமல் போவது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினால் இன்னும் நல்லது.

இதெல்லாம் தங்கள் இயல்பான நடையைக் குலைக்கும் கெடுபிடி என்கிறார்கள். தனியே மலைக்குப் போகிற ஒரு பெண் வீட்டைவிட்டு வெளிக்கிட முன் செய்வதைச் சொல்கிறேன்: எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று ஒருவருக்கு எழுதி அனுப்புகிறாள். தொலைபேசியை நூறு வீதம் சார்ஜ் செய்கிறாள். கழுத்தில் விசில் கட்டுகிறாள். பாட்டை ஒற்றைக் காதில் மட்டும் கேட்கிறாள். மலைக்குடிலில் தனியாகவா வந்தீர்கள் என்று யாராவது கேட்டால், கணவர் பின்னால் வருகிறார் என்கிறாள்.