வெறுப்புப் பேச்சும் அரசின் அனுமதியும்

அறுபதுகளின் பம்பாயை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எந்த அலுவலகத்தில் எத்தனை தென்னிந்தியர் என்று "மார்மிக்" வார ஏடு பெயர்ப் பட்டியல் போட்டது. லுங்கிக்காரனை விரட்டு என்ற முழக்கம் எழுந்தது. உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டன. அன்று ஓர் ஏடு அச்சாகிக் கைமாற நாட்கள் ஆயின. இன்று ஒரு கைப்பேசிக்கு ஒரு நிமிடம் போதும்.

2012 ஆகஸ்டில் வடகிழக்கு மக்களைத் தாக்கப் போகிறார்கள் என்று பரவிய செய்தியால், பெங்களூரிலிருந்து ஆயிரக்கணக்கானோர் குவாஹாத்திக்கு ரயிலேறினர். 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளரைத் தமிழ்நாட்டில் கொல்கிறார்கள் என்று பொய்க் காட்சிகள் பரப்பப்பட்டன. எங்கோ நடந்த வேறு சம்பவங்களின் படங்கள் அவை! திருப்பூரில் மூட்டை கட்டிய தொழிலாளியின் பயம் நமக்குப் புதிதல்ல.

ஆகவே கடுமையான புதுச் சட்டம் வேண்டும் என்று நம்மிலேயே பலர் கேட்கிறார்கள். தோழர்களே, சற்றுப் பொறுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவு அப்படி வந்ததுதான். பிறருக்கு "எரிச்சல்" ஊட்டுவதையே அது குற்றமாக்கியது. யார் அகப்பட்டார்கள்? 2012 நவம்பரில், பால் தாக்கரே மறைவையொட்டி மும்பை அடைக்கப்பட்டதைப் பற்றி பேஸ்புக்கில் எழுதிய ஓர் இளம்பெண்ணும், அதற்கு விருப்பம் தெரிவித்த அவர் தோழியும்! 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அப்பிரிவைச் செல்லாதென்றது. விவாதிப்பது வேறு, வாதாடுவது வேறு, தூண்டிவிடுவது வேறு. தூண்டும் கட்டத்தில்தான் சட்டம் குறுக்கிடலாம் என்றது. அதன் பிறகும் காவல் நிலையங்கள் பல ஆண்டுகள் அதே பிரிவில் வழக்குப் போட்டன என்பது வெட்கக்கேடு.

உலக நீதியும் இதுதான். 1979-இல் இந்தியா ஏற்றுக்கொண்ட, குடியியல் அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 19-ஆம் விதி பேச்சுரிமையைக் காக்கிறது. 20-ஆம் விதியோ, இனம், மதம் பற்றிய வெறுப்பைக் கிளறிப் பாகுபாட்டையும் பகைமையையும் வன்முறையையும் தூண்டுவதைச் சட்டத்தால் தடுக்கச் சொல்கிறது.

நம் நாட்டில் சட்டம் இல்லாமலா போயிற்று? பழைய 153-ஏ பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-ஆவது பிரிவாக நிற்கிறது. மதம், இனம் மட்டுமல்ல. பிறந்த இடம், வசிக்கும் இடம், மொழி இவற்றைக் காட்டிப் பகை மூட்டுவதும் குற்றம். மின்னணு வழியில் செய்தாலும் குற்றமே. மூன்றாண்டு வரை சிறை. புகாருக்குக் காத்திராமல் வழக்குப் பதியுங்கள் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது.

முட்டுக்கட்டை வேறிடத்தில் இருக்கிறது. இந்தக் குற்றத்தை நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க அரசின் முன் அனுமதி வேண்டும். ஆளும் கட்சியின் பேச்சாளன் மேல் ஆளும் கட்சி அனுமதி தருமா? அந்த அனுமதிக்குக் காலக்கெடு விதிக்க வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். சங்கம் கேட்பது இதைத்தான்.

நம்மைக் குறித்தோ பிறரைக் குறித்தோ அத்தகைய செய்தி கைப்பேசிக்கு வந்தால், மேலும் ஒருவருக்கும் அனுப்பாதீர்கள், அழித்துவிடவும் வேண்டாம். யாரிடமிருந்து, எந்த நாளில், எத்தனை மணிக்கு வந்தது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். புகார் எழுத உதவ ஆள் இருக்கிறது.