முப்பத்தாறு மணி நேரப் பெருமை

இன்றைய இளம் மருத்துவர்களுக்கு நெஞ்சுரம் போதவில்லை என்று ஒரு மூத்த மருத்துவர் கட்டுரை எழுதியிருக்கிறார். அறுவை சிகிச்சைத் துறையில் நெடுங்காலம் யூனிட் சீஃபாக இருந்தவர். அவர் வாதத்தை நான்கு வரியில் சொல்லிவிடலாம். நாங்களும் தொடர்ந்து 36 மணி நேரம் டியூட்டி பார்த்தவர்கள்தான், எங்களுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. பர்ன்அவுட் என்பது மேல்நாட்டிலிருந்து இறக்குமதியான வசதிக்காரர்களின் நோய். கவுன்சலிங் போகிற மருத்துவரை நம்பி நோயாளி எப்படி உடம்பை ஒப்படைப்பார்? வீட்டுப் பெரியவர்களிடம் மனம்விட்டுப் பேசினால் தீர்ந்துவிடும் விஷயத்துக்குக் காசு கொடுத்து ஆள் தேட வேண்டியதில்லை.

மருத்துவர்களுக்குச் சிகிச்சை தரும் மனநல மருத்துவர் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த நான்கும் தவறு, நான்கும் ஆபத்து. பல வாரம் தயங்கி, ஒருவழியாக அப்பாயின்ட்மென்ட் வாங்கிய ஒரு பி.ஜி. மாணவி இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு அதை ரத்து செய்யக்கூடும். அவருக்காகத்தான் இந்த எதிர்வினை.

‘எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை’ என்பதிலிருந்து தொடங்குவோம். யாருக்கு ஒன்றும் ஆகவில்லை? படிப்பைப் பாதியில் விட்டுப் போனவர்கள் இன்று பத்திரிகையில் அனுபவக் கட்டுரை எழுதுவதில்லை. குடியில் விழுந்தவர்களும் உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் எழுதுவதில்லை. தப்பித்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு எல்லோரும் நலம் என்று முடிவு கட்டுவது மருத்துவ ஆய்வின் முதல் பாடத்திலேயே தோற்றுப்போகிற கணக்கு. தப்பித்தவர்களும் முழுசாகத் தப்பித்தார்களா? ரவுண்ட்ஸில் கேஸ் ஷீட்டை முகத்தில் வீசுகிறவரை, நோயாளியின் உறவினரை நாயைப் போல விரட்டுகிறவரை நம் மருத்துவமனைகள் பல காலம் ‘கண்டிப்பான சீஃப்’ என்று கொண்டாடின. நோயாளிமீது ஏற்படும் அந்த மரத்துப்போன எரிச்சல்தான் பர்ன்அவுட்டின் பாடப்புத்தக அறிகுறி.

கட்டுரையாளர் மறந்தே போன இன்னொருவர் இருக்கிறார்: நோயாளி. தூங்காத மருத்துவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அவர் கத்தியின் கீழ்ப் படுத்திருந்தவருக்கு? 24 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.10 சதவீத ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று 1997இல் ‘நேச்சர்’ இதழில் ஆய்வு வெளிவந்தது. இந்தியாவில் வண்டி ஓட்ட அனுமதிக்கப்பட்ட அளவு 0.03 சதவீதம். அதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். பாஸ்டனில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த ஆய்வு ஒன்று 2004இல் வந்தது. 24 மணி நேரத்துக்கு மேல் நீளும் பழைய டியூட்டி முறையில் வேலை செய்த பயிற்சி மருத்துவர்கள், நேரம் குறைக்கப்பட்ட முறையில் செய்ததைவிட 36 சதவீதம் அதிகமாகக் கடும் தவறுகளைச் செய்திருந்தார்கள். அதற்கும் முன்பே, 1984இல் நியூயார்க்கில் 18 வயது மாணவி ஒருவர் மருத்துவமனையில் இறந்தபோது, களைத்துப்போன பயிற்சி மருத்துவர்கள் கையில் அவர் விடப்பட்டிருந்தாரா என்ற கேள்வி நீதிமன்றம் வரை போனது. விளைவாக 1989இல் அந்த மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேரம், தொடர்ச்சியாக 24 மணி நேரம் என வரம்பு விதித்தது. இத்தனைக்கும் பிறகு 36 மணி நேரத்தைப் பெருமையாகச் சொல்பவர், தன் நோயாளிகளைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டும்.

இந்த நீண்ட டியூட்டியை மரபு என்கிறார் கட்டுரையாளர். அந்த மரபின் வேரையும் பார்த்துவிடுவோம். பயிற்சி மருத்துவர் மருத்துவமனையே கதியென்று கிடக்கும் முறையை வகுத்தவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் வில்லியம் ஹால்ஸ்டெட். 1889இல் அங்கே தொடங்கியது அது. அறுவை சிகிச்சையின் வரலாற்றில் அவர் மாமேதை, சந்தேகமில்லை. ஆனால் கோகெய்னை மரத்துப்போகச் செய்யும் மருந்தாகத் தன்மேலேயே சோதித்து அதற்கு அடிமையானவர், அதிலிருந்து மீட்க மார்ஃபின் கொடுக்கப்பட்டு அதற்கும் அடிமையானவர். உலகத்தின் தலைசிறந்த கைகளுக்குச் சொந்தக்காரர் ஆயுள் முழுக்கத் தன் நோயை மறைத்து வாழ்ந்தார். சாதனை செய்கிறவருக்கு உள்ளே ஒன்றும் நேராது என்ற நம்பிக்கையை அவர் வாழ்க்கையே மறுக்கிறது.

அடுத்து, ‘வசதிக்காரர்களின் நோய்’. உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் 1974இல் பர்ன்அவுட்டைப் பற்றி முதலில் எழுதியது நியூயார்க்கில் ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்த்த ஒரு கிளினிக்கின் தன்னார்வலர்களைக் கண்டு. அவரும் பகலெல்லாம் தன் தொழிலைப் பார்த்துவிட்டு இரவில் அங்கே உழைத்துத் தளர்ந்தவர்தான். யார் இதில் எளிதாக விழுகிறார்கள் என்ற கேள்விக்கு, அர்ப்பணிப்போடு வேலை செய்கிறவர்கள் என்று பதில் எழுதினார். 2019இல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டில் இதை வேலை சார்ந்த நிலையாக விவரித்து மூன்று அடையாளங்கள் தந்தது: சக்தி முழுவதும் வற்றிப்போவது, வேலையின்மீது வெறுப்போ விலகலோ உண்டாவது, செய்வதில் திறமை குறைந்துவிட்டதாக உணர்வது. சோம்பேறிக்கு இது வருவதில்லை. அக்கறையே இல்லாதவருக்கு அக்கறை வற்றிப்போக வழியில்லை.

நம் நாட்டுக் கணக்கு வேண்டுமா? தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு 2024இல் அறிக்கை தந்தது. ஆய்வில் பதில் சொன்ன முதுநிலை மாணவர்களில் 31.2 சதவீதம் பேர் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர். நீட் எழுதி, எம்.பி.பி.எஸ். முடித்து, மறுபடி நீட் எழுதி, லட்சக்கணக்கானவர்களைத் தாண்டி வந்தவர்கள் இவர்கள். இவர்களையா நெஞ்சுரம் இல்லாதவர்கள் என்கிறார்?

மூன்றாவது வாதம்தான் என்னைக் கோபப்படுத்துகிறது. சிகிச்சைக்குப் போகிற மருத்துவரை நம்ப முடியாதாம். சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடும் சர்ஜனை நம்புகிறோம். இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்ட இதய நிபுணரை நம்புகிறோம். மனம் என்றதும் மட்டும் தகுதி போய்விடுகிறது என்றால், அந்த நம்பிக்கையைப் பரப்புகிறவர் மருத்துவப் பட்டத்தைத் தாங்கி நிற்பது வேதனை. இந்த அச்சம் என்ன செய்யும் என்பதற்கு உலகறிந்த சாட்சி லோர்னா ப்ரீன். மன்ஹாட்டனில் ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர். கொரோனாவின் முதல் அலையில் ஓயாமல் உழைத்து, தானும் நோயுற்று, மீண்டும் பணிக்குத் திரும்பி, 2020 ஏப்ரலில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். உதவி கேட்டால் மருத்துவர் உரிமம் பறிபோகும் என்று அவர் அஞ்சியதாகக் குடும்பத்தினர் சொன்னார்கள். அவர் பெயரிலேயே 2022 மார்ச்சில் அமெரிக்கா சட்டம் இயற்றியது. அந்த அச்சத்துக்கு இங்கே தமிழில் புதிதாக எண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்கிறார் நம் கட்டுரையாளர்.

கடைசியாக, வீட்டில் பேசினால் போதும் என்பது. அம்மா அப்பாவிடம் பேசுவது நல்லதுதான், வேண்டாம் என்று எந்த மனநல மருத்துவரும் சொல்வதில்லை. ஆனால் நிலத்தை விற்றுப் படிக்கவைத்த அப்பாவிடம், ஊரெல்லாம் ‘எங்க பொண்ணு டாக்டர்’ என்று சொல்லி மகிழ்கிற அம்மாவிடம், ‘காலையில் வார்டுக்குள் நுழையவே பயமாக இருக்கிறது’ என்று எந்தப் பெண் சொல்வாள்? சொன்னாலும் அடுத்த அரைமணி நேரம் அவள்தான் அவர்களைத் தேற்ற வேண்டியிருக்கும். தேற்ற வேண்டிய கடமை எதுவும் இல்லாத ஓர் ஆள் முன்னால், வெளியே போகாது என்று சட்டம் உறுதி தந்த இடத்தில் பேசுவது வேறு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் அந்த ரகசியத்தை உரிமையாகவே தந்திருக்கிறது.

அது வெறும் பேச்சும் அல்ல. முதல் சந்திப்பில் இது பர்ன்அவுட்டா, மனச்சோர்வு நோயா, தைராய்டா, தூக்கக் கோளாறா என்று பிரித்துப் பார்க்கிறோம். ‘செத்துவிடலாம் என்று தோன்றியிருக்கிறதா?’ என்று நேரடியாகக் கேட்கிறோம். வீட்டில் யாரும் கேட்கத் துணியாத கேள்வி அது. பிறகுதான் வேலை தொடங்குகிறது.

வழக்கமாக நாங்கள் பார்க்கிற ஒன்றைச் சொல்கிறேன். டியூட்டி முடிந்து ஹாஸ்டலுக்கு வந்த பின்னும், இரவு 11 மணிக்கு வார்டுக்கு போன் போட்டு ‘நாலாம் பெட் டிரெய்ன் டியூபில் எவ்வளவு வந்திருக்கு?’ என்று கேட்காமல் தூங்க முடியாத ஒரு சர்ஜரி பி.ஜி. போன் எடுக்கத் தோன்றும் அந்த நொடியில் மனதில் ஓடுவதை அப்படியே எழுதச் சொல்கிறோம். ‘நான் கேட்காவிட்டால் ஏதாவது ஆகிவிடும், அப்படி ஆகிவிட்டால் நான் டாக்டராக இருக்கவே லாயக்கில்லை’ என்று எழுதுகிறார். எத்தனை சதவீதம் நம்புகிறீர்கள்? தொண்ணூறு. சரி, ஒரு இரவு சோதிப்போம். டியூட்டி மாறும்போது பெட் வாரியாக எழுதி ஒப்படைத்துவிட்டு வாருங்கள், போன் செய்யாதீர்கள், என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்களோ அதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள், காலையில் போய்ப் பாருங்கள். காலையில், டியூட்டி பி.ஜி. டிரெய்ன் அளவைக் கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கிறார், நோயாளி காபி குடித்துக்கொண்டிருக்கிறார். இதைப் பல இரவுகள் செய்யும்போது தொண்ணூறு கீழே இறங்குகிறது. இறங்கியபின் அடியில் கிடப்பது தெரிகிறது: மார்க் வாங்கினால்தான் வீட்டில் முகம் மலரும் என்று ஏழாம் வகுப்பில் கற்றுக்கொண்ட பாடம். தவறே செய்யாதவரை மட்டுமே எனக்கு மதிப்பு என்ற அந்தப் பாடத்தைத் திருத்தி எழுதுவதுதான் சிகிச்சை. அதற்குப் பயிற்சி வேண்டும். பெரியப்பாவின் அறிவுரையால் அது நடக்காது.

நடக்கும் என்பதற்குச் சான்றும் உண்டு. நார்வேயில் வில்லா சனா என்ற இடத்தில் மருத்துவர்களுக்கென்றே குறுகிய கால ஆலோசனை தருகிறார்கள். ஒரு நாள் தனி அமர்வு, அல்லது ஒரு வாரக் குழுப் பயிற்சி. அங்கே வந்தவர்களை ஓராண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வு 2008இல் பி.எம்.ஜே. இதழில் வந்தது. தொடக்கத்தில் 35 சதவீதம் பேர் முழுநேர நோய் விடுப்பில் இருந்தார்கள். ஓராண்டில் அது 6 சதவீதமாகக் குறைந்தது. மனக்களைப்பு குறைந்தது, வேலை நேரத்தையும் அவர்கள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். இது ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு, எல்லாப் பெருமையும் ஆலோசனைக்கே என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சிகிச்சைக்குப் போனவர்கள் தொழிலை விட்டு ஓடுவார்கள் என்று பயமுறுத்துகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். அவர்கள் தொழிலுக்குத் திரும்பினார்கள்.

தெரபி கொடுத்துவிட்டு 36 மணி நேர டியூட்டியைத் தொடரலாம் என்று எந்த நிர்வாகமும் கணக்குப் போட வேண்டாம். மாதம் ஒரு யோகா வகுப்பு நடத்திப் படம் எடுத்துப் போடுவது சிகிச்சை ஆகாது. தொடர் பணி பொதுவாக 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, வாரம் ஒரு நாள் விடுப்பு வேண்டும் என்று மத்திய அரசு 1992லேயே உத்தரவு போட்டது. 2024 பணிக்குழு வாரத்துக்கு 74 மணி நேரம் உச்சவரம்பு என்று பரிந்துரைத்தது. இவை ரோஸ்டரில் ஏற வேண்டும். தமிழக அரசு 2022 டிசம்பரில் மருத்துவக் கல்லூரிகளில் தொடங்கிய ‘மனம்’ நல்லாதரவு மன்றம் நல்ல தொடக்கம். தேர்வில் மார்க் போடும் பேராசிரியரின் கண்ணில் படாத இடத்தில் ஆலோசகர் உட்கார வேண்டும். அங்கே போகும் ஒரு மணி நேரம் டியூட்டி நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும்.

அப்பாயின்ட்மென்டை ரத்து செய்ய நினைக்கும் அந்த மாணவிக்கு: போங்கள். இன்றிரவே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் ஆள் இருப்பார்கள். அங்கே தமிழிலேயே பேசலாம். உங்கள் திறமைக்கு இதனால் ஒரு குறையும் வராது.

மூத்த மருத்துவருக்கு: நீங்கள் பட்ட பாடு உண்மை, அதை நான் மதிக்கிறேன். பட்டதைக் காரணம் காட்டி அடுத்த தலைமுறையையும் அதே பாடு படச் சொல்வதை மதிக்க மாட்டேன். உங்கள் சொல்லுக்குத் துறையில் இன்னும் மரியாதை இருக்கிறது. உங்கள் பி.ஜி. ஒருவர் ‘சார், கவுன்சலிங் போகணும், ஒரு மணி நேரம் பர்மிஷன் வேணும்’ என்று கேட்டு வந்தால் காரணம் கேட்காமல் கையெழுத்துப் போடுங்கள். நெஞ்சுரத்தைப் பற்றி நீங்கள் எழுதும் எந்தக் கட்டுரையைவிடவும் அது அதிக உயிர்களைக் காக்கும், நோயாளிகளின் உயிரையும் சேர்த்து.