நரம்புத் தளர்ச்சிக்கு ஒரு பொட்டலம்

அமாவாசை, பௌர்ணமி வந்தால் சதுரகிரி போகிற கூட்டத்தில் பாதி எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கித்தான் வத்திராயிருப்பு பஸ் பிடிக்கும். தாணிப்பாறை அடிவாரத்திலிருந்து திரும்பும்போது பலர் கையில் விபூதியோடு ஒரு வேரோ பொடியோ இருக்கும். சித்தர்கள் நடமாடிய மலை, அங்கே கிடைக்கும் பச்சிலை எதையும் தீர்க்கும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. மூட்டுவலிக்கு வாங்குகிறவர்கள் சத்தமாகக் கேட்பார்கள். சிலர் மட்டும் குரலைத் தாழ்த்தி, "நரம்புத் தளர்ச்சிக்கு ஏதாவது இருக்கா?" என்பார்கள். மனசு சரியில்லை என்பதற்கு நம் ஊரில் அதுதான் பெயர்.

மனைவியைப் பறிகொடுத்தவர், ரிட்டயர் ஆனதும் பேச்சையே குறைத்துக்கொண்டவர், பிள்ளைகள் வெளிநாடு போய்த் தனித்துவிட்ட அம்மா. இவர்கள் ஏன் டாக்டரிடம் போவதில்லை? ஆயுள் முழுக்கக் காகிதத்தோடு வாழ்ந்த குமாஸ்தா நான். எனக்குத் தெரிந்த காரணம் காகிதம்தான். ஓ.பி. சீட்டில் 'மனநலப் பிரிவு' என்று எழுதிவிடுவார்கள். அந்த வாசலில் உட்கார்ந்தால் தெருக்காரர் ஒருவராவது பார்த்துவிடுவார். பொட்டலத்தின் மேல் எதுவும் எழுதியிருக்காது.

மூலிகையைக் கேலி செய்கிறவன் அல்ல நான். புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். அந்த மொழியில் 'மில்பெர்த்துய்' என்று ஒரு மஞ்சள் பூச்செடி உண்டு. ஆயிரம் துளை என்று அர்த்தம். இலையை வெளிச்சத்தில் பிடித்தால் ஊசியால் குத்தினாற்போல் புள்ளிகள் தெரியும். இங்கிலீஷ்காரர்களுக்கு அது செயின்ட் ஜான்ஸ் வொர்ட். அமெரிக்காவிலிருந்து வரும் பிள்ளைகளின் பெட்டியில் இப்போது அந்த டப்பாவும் வருகிறது. ஜெர்மனியில் டாக்டர்களே எழுதிக் கொடுக்கிறார்கள். 2008-ல் 29 ஆய்வுகளை, மொத்தம் 5,489 நோயாளிகளை, சேர்த்துவைத்துப் பார்த்ததில் மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட மேல், வழக்கமான மனச்சோர்வு மாத்திரைக்கு ஏறக்குறையச் சமம் என்று வந்தது. அதற்கு முன் 2002-ல் அமெரிக்காவில் 340 பேரிடம் நடத்திய சோதனையிலோ வெற்று மாத்திரையை அது ஜெயிக்கவில்லை. (அந்தச் சோதனையில் இங்கிலீஷ் மருந்தும் முக்கிய அளவுகோலில் ஜெயிக்கவில்லை. மூலிகைக்காரர்கள் இதை மறக்காமல் சொல்வார்கள்.)

சரி, வேலை செய்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அது மருந்து. இன்னொரு மருந்தோடு மோதும். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் வார்ஃபரினின் பலத்தை இந்தச் செடி குறைத்துவிடும். டாக்டர் கொடுத்த மனச்சோர்வு மாத்திரையோடு ரகசியமாக இதையும் சேர்த்தால் நடுக்கம், காய்ச்சல், குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம்.

நம்மூர்ச் சரக்கும் அப்படித்தான். சர்ப்பகந்தா ரத்தக்கொதிப்பைக் குறைப்பதைப் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல் 1949-ல் எழுதியதும் உலகமே திரும்பிப் பார்த்தது. அடுத்த சில வருஷங்களிலேயே, அதிலிருந்து எடுத்த ரெசர்பினைச் சாப்பிட்டவர்களில் சிலருக்கு மனச்சோர்வு வந்ததாக டாக்டர்கள் குறித்தார்கள். வீட்டுக்கு வீடு இருக்கும் அமுக்கிரா சூரணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சிலருக்கு ஈரலைப் பாதித்திருக்கிறது. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கேட்காமல் தொடக்கூடாது. டென்மார்க்கில் 2023-ல் தடையே போட்டுவிட்டார்கள். அந்த அளவுக்குப் போக வேண்டுமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

எழுபதைத் தாண்டிய நமக்கு ஏற்கெனவே நாலைந்து மாத்திரை ஓடுகிறது. அதனால் நான் சொல்வது இதுதான். மூலிகைதான் வேண்டுமென்றால் படித்த சித்த வைத்தியரிடம் போங்கள். அரசு ஆஸ்பத்திரிகள் பலவற்றில் சித்தா பிரிவு இருக்கிறது. சாப்பிடுகிற அத்தனையையும், பொட்டலம் உட்பட, ஒரு மஞ்சள் பையில் போட்டு அவரிடமும் உங்கள் டாக்டரிடமும் காட்டுங்கள். தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்ற பேச்சு வந்துவிட்டால் எந்தச் சூரணமும் வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி. வாசலில் உட்காரத் தயங்குகிறவர்கள் முதலில் 14416-க்குப் போன் போடலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ். காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.