கித்தார் பெரியது, பழி பிள்ளைக்கா?

"பிள்ளைக்கு ஆர்வமில்லை ஆசிரியரே, மூன்றே மாதத்தில் விட்டுவிட்டான்" என்று பெற்றோர் குறைபட்டுக்கொள்வதை ஆண்டுதோறும் கேட்கிறேன். நான் கேட்பது ஒன்றுதான். வாங்கிக் கொடுத்த கித்தார் யாருடைய அளவுக்குரியது?

9 வயதுப் பிள்ளைக்குப் பெரியவர்க்குரிய முழு அளவுக் கித்தார். அதிலும் எஃகுக் கம்பி பூட்டியது! வளர்ந்த பிறகும் பயன்படுமாம். சீருடையைப் பெரிதாக வாங்கி மடித்துத் தைக்கலாம். கித்தாரின் கழுத்தை மடிக்க இயலுமா? முழு அளவுக் கித்தாரில் அதிரும் கம்பியின் நீளமே ஏறத்தாழ 65 சென்டிமீட்டர். கழுத்தின் கோடியிலுள்ள முதல் மெட்டை எட்டவே சின்னக் கை தவிக்கும். அவ்வயதினர் பலருக்கும் முக்கால் அளவே பொருந்தும்.

எஃகுக் கம்பிகளின் இழுவிசை நைலான் கம்பிகளினுடையதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. விரல்நுனி புண்ணான பிள்ளை கித்தாரை மூலையில் சாத்தாமல் வேறென்ன செய்யும்? நைலானிலும் தொடக்கத்தில் வலிக்கும். ஆனால், தாங்கக்கூடிய வலி. (நைலான் கித்தாரில் எஃகுக் கம்பியை மாட்டிவிடும் அதிமேதாவிகளும் உளர். கம்பி கட்டும் மரத்துண்டே பெயர்ந்து வந்துவிடக்கூடும்.)

கடையில் பிள்ளையின் மடியில் வைத்து, முதல் மெட்டில் அழுத்தச் சொல்லிப் பாருங்கள். கம்பி மிக உயர்ந்து நின்றால் வேண்டாம். நிறத்தைப் பிறகு பார்க்கலாம்.

வாங்கிய பின் நாளுக்கு 15 நிமிடப் பயிற்சி போதும். உறவினர் வந்தவுடன் முழுப்பாடல் வாசிக்கச் சொல்லி நச்சரிக்காதீர். இரு விரலால் பிடிக்கக்கூடிய ஈ மைனரையே ஒரு வாரம் பழகட்டுமே! தொடக்கத்தில் சுருதி சேர்த்துக் கொடுப்பது உங்கள் வேலை. அதற்குக் கைப்பேசியிலேயே செயலி உண்டு.