மரம் நின்றால் காடு நின்றதாகுமா?

அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் வெர்மான்ட் என்னும் சிறிய மாநிலம் உள்ளது. மலைகளும் பள்ளத்தாக்குகளும் நிறைந்த நாடு அது. பள்ளத்தாக்கில் உழவர்கள் கறவை மாடு வளர்த்து, தீவனத்துக்காக மக்காச்சோளமும் புல்லும் பயிரிடுகின்றனர். மலைச்சரிவில் வளரும் மேப்பிள் மரங்களிலிருந்து, நம் பனையில் பதநீர் இறக்குவது போல, இனிப்பான சாறு வடித்துப் பாகு காய்ச்சுகின்றனர். அதே மலைகளின் மேற்சரிவுகளில் குளிர்காலத்தில் பனிச்சறுக்கு விளையாட்டு நடைபெறுகிறது. காலில் நீண்ட பலகைகளைப் பூட்டிக்கொண்டு பனியின் மேல் வழுக்கி இறங்கும் விளையாட்டு இது.

பனிச்சறுக்கு மையங்கள் அண்மைக் காலத்தில் இரண்டு வகைகளில் விரிவடைந்து வருகின்றன. ஒன்று, ‘கிளேடு’ எனப்படும் மரங்களுக்கு இடையிலான தடம். மலைச்சரிவை மொட்டையாக்காமல், பெரிய மரங்களை விட்டுவிட்டு, இடையிலுள்ள செடிகளையும் கன்றுகளையும் தாழ்ந்த கிளைகளையும் நீக்கி வழி உண்டாக்குவது. மற்றொன்று, ‘டெரைன் பார்க்’ எனப்படும் துள்ளல் களம். பனியால் மேடு, பள்ளம், சுவர் ஆகியவற்றை எழுப்பி, இளைஞர்கள் தாவிக் குதிப்பதற்கு ஏற்ப அமைப்பது.

புதிய விடுதியோ புதிய கம்பிவட ஊர்தியோ வருகிறது என்றால் ஊரே கூடிப் பேசும். இவ்விரண்டுக்கும் அத்தகைய பேச்சு எழுவது குறைவு. மரம் நிற்கிறது, கட்டடம் எழவில்லை, பனி உருகிவிடும், பிறகென்ன என்ற எண்ணமே காரணம். இந்த எண்ணம் சரியன்று. இவற்றின் உண்மையான செலவு கன்றுகளிலும் ஓடை நீரிலும் மேல்மண்ணிலும் விழுகிறது. அடிவாரத்துச் சிறு விவசாயிதான் அதில் ஒரு பங்கைச் சுமக்கிறான்.

பனி பெய்யாத நாட்டு உழவருக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். மலையின் மேலே கன்று போனால் கீழே என்ன ஆகும் என்ற கணக்கு எல்லா நாட்டுக்கும் ஒன்றே.

மேய்ச்சல் நிலத்தில் தொடங்கிய விளையாட்டு

இந்த விளையாட்டை உழவருக்குப் பகை என்று தள்ளிவிட முடியாது. சறுக்குவோரை மேலே இழுத்துச் செல்லும் கயிற்று இழுவை, அமெரிக்காவில் முதன்முதலாக 1934ஆம் ஆண்டு ஜனவரியில் வெர்மான்டின் உட்ஸ்டாக் ஊரில் ஓர் உழவரின் மேய்ச்சல் மேட்டில்தான் நிறுவப்பட்டது. பழைய ஃபோர்டு மோட்டார் வண்டியின் எஞ்சினே அந்தக் கயிற்றை இழுத்தது.

இம்மாநிலத்தில் 1940களின் இறுதியில் 11,000க்கும் மேற்பட்ட பால் பண்ணைகள் இருந்தன. இன்று எஞ்சியிருப்பவை சில நூறே. வயலில் வேலையில்லாத பனிக்காலத்தில் சறுக்கு மையங்கள் மலைவாழ் குடும்பங்களுக்குக் கூலி தருகின்றன. அங்கு வரும் விருந்தினர்கள் பாலாடைக் கட்டியும் மேப்பிள் பாகும் வாங்கிச் செல்கின்றனர். ஆகவே கேள்வி, மையங்கள் வேண்டுமா வேண்டாமா என்பதன்று. எந்த நிபந்தனையில் விரிவடைய வேண்டும் என்பதே கேள்வி.

வாரிசு இல்லாத காடு

வெர்மான்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு காடு. மேப்பிள், பீச், பிர்ச் மரங்களும், உயரே செல்லச் செல்ல ஊசியிலை மரங்களும் வளர்கின்றன. பெரிய மரங்களின் நிழலில் அவற்றின் கன்றுகள் பல ஆண்டுகள் காத்திருக்கும். முதிர்ந்த மரம் ஒன்று காற்றில் சாய்ந்து வெளிச்சம் விழுந்ததும், காத்திருந்த கன்று விரைந்து வளர்ந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். காடு தன்னைத் தானே புதுப்பித்துக் கொள்ளும் முறை இதுவே.

கிளேடு அமைக்கும்போது நீக்கப்படுபவை இந்தக் கன்றுகளே. ஒருமுறை நீக்கினால் போதாது. மீண்டும் துளிர்ப்பதால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் வெட்டுகின்றனர். பனிக்கு மேலே தலை நீட்டும் இளங்கன்றுகளின் நுனியைச் சறுக்குப் பலகையின் விளிம்பு சீவிவிடுகிறது. தொலைவிலிருந்து பார்த்தால் காடு பசுமையாகவே தெரியும். உள்ளே சென்று பார்த்தால் கிழமரங்கள் மட்டுமே நிற்கும். தென்னந்தோப்பில் காய்ப்பு ஓய்ந்த மரங்களுக்கு இடையே இளங்கன்று ஒன்றுகூட இல்லாவிட்டால், அந்தத் தோப்பின் ஆயுளை எந்த உழவரும் கணக்கிட்டுச் சொல்லிவிடுவார். கிளேடுகளின் நிலையும் அதுவே.

மேப்பிள் மரம் சாறு வடிக்கும் பருவத்தை எட்ட ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆகும். பாகு காய்ச்சும் உழவரும் தம் தோப்பில் மரங்களைக் கழித்து இடைவெளி உண்டாக்கத்தான் செய்கிறார். ஆனால் அவர் நல்ல கன்றுகளை அடையாளமிட்டு அடுத்த தலைமுறைக்காக நிறுத்தி வைக்கிறார். கத்தி ஒன்றே. நோக்கந்தான் வேறு. கிளேடு அமைப்போரும் இந்த உழவரிடம் பாடம் கேட்கலாம்.

உயரமான சரிவுகளில் அடர்ந்த இளம் ஊசியிலைக் காட்டில்தான் பிக்னெல் திரஷ் என்ற அரிய பறவை கூடு கட்டுகிறது. அங்கே அடியடர்த்தியை நீக்கினால் அதன் வீடு போய்விடுகிறது. அனுமதி பெற்றுச் செய்பவர்களாவது ஒரு கணக்குக்கு உட்பட்டவர்கள். 2007ஆம் ஆண்டு பிக் ஜே என்ற மலையில், அரசுக்குச் சொந்தமான காட்டில், இருவர் சறுக்கு வழிக்காகத் திருட்டுத்தனமாக மரங்களை வெட்டி நீண்ட பாதை திறந்தனர். வழக்கும் தொடரப்பட்டது. மரங்களுக்கு இடையே சறுக்கும் ஆசை எவ்வளவு பெருகியிருக்கிறது என்பதற்கு அது சான்று. ஆசை பெருகும்போது கட்டுப்பாடும் கூடவே வளர வேண்டும்.

ஓடையின் வரவு செலவு

துள்ளல் களத்துக்கு இயற்கையாகப் பெய்யும் பனி போதுவதில்லை. நீரை அழுத்தக் காற்றுடன் சேர்த்துக் குளிரில் பீய்ச்சி, செயற்கைப் பனி உண்டாக்குகின்றனர். ஓர் ஏக்கரில் ஓர் அடி ஆழத்துக்குப் பனி நிரப்ப ஏறத்தாழ 6 லட்சம் லிட்டர் நீர் தேவை. நெல் வயலுக்கு 5 செ.மீ. ஆழத்துக்கு நீர் கட்டினால், ஏக்கருக்கு ஒரு நனைப்புக்கு 2 லட்சம் லிட்டர் ஆகும். அதாவது, ஓர் அடிப் பனி என்பது மூன்று நனைப்பு. சாதாரணத் தடத்துக்கே இந்தக் கணக்கு. துள்ளல் களத்தில் அமைக்கப்படும் பெரிய அரைக்குழாய் அமைப்பின் பனிச்சுவர் 22 அடி உயரம் வரை எழும்பும். அதற்கு எத்தனை நனைப்பு என்பதை உழவரே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

இந்த நீரில் பெரும்பகுதி பனி உருகியதும் ஓடைக்கே திரும்பிவிடுகிறது என்பது உண்மையே. ஆனால் எடுக்கும் காலமும் திரும்பும் காலமும் வேறு. குளிர்காலத்தில் மழையும் பனியாக உறைந்து மலையிலேயே தங்கிவிடுவதால் ஓடைகள் மெலிந்து ஓடுகின்றன. ஓடைக் கற்களுக்கு இடையே டிரவுட் மீனின் முட்டைகள் இருக்கும் காலமும் அதுவே. அப்போது எடுத்த நீர், நிலம் ஏற்கனவே ஊறிக் கிடக்கும் வசந்த காலத்தில் வந்து சேர்கிறது. வயல் எப்போது காயும், ஏர் எப்போது இறங்கும் என்று பள்ளத்தாக்கு உழவர் காத்திருக்கும் நேரத்தில் வருகிறது.

இதை உணர்ந்தே வெர்மான்ட் அரசு 1996ஆம் ஆண்டு, செயற்கைப் பனிக்கு நீர் எடுப்பதற்குத் தனி விதிகளை வகுத்தது. பிப்ரவரி மாதத்து நடுத்தர நீரோட்டத்தை அளவுகோலாகக் கொண்டு, ஓடையில் குறைந்த அளவு நீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். இதனால் பல மையங்கள் நீர் மிகுந்த காலத்தில் சேமித்து வைக்கக் குளங்கள் வெட்டின. நம் ஏரிப் பாசனத்தின் அடிப்படையும் இதுதானே!

இரண்டு ஓடைகள் கூறும் உண்மை

வெர்மான்டின் மிக உயர்ந்த மலை மான்ஸ்ஃபீல்டு. அதன் சரிவில் அருகருகே இரண்டு ஓடைகள் பிறக்கின்றன. ஒன்றின் நீர்ப்பிடிப்புப் பகுதி முழுக் காடு. மற்றதில் சறுக்கு மையம் அமைந்துள்ளது. பரப்பளவில் இரண்டும் ஏறக்குறைய ஒத்தவை. விஞ்ஞானிகள் சில ஆண்டுகள் தொடர்ந்து அளந்து 2007இல் முடிவுகளை வெளியிட்டனர். சறுக்கு மையமுள்ள ஓடையில் நீர் வடிவு அதிகம். அடித்துவரப்பட்ட மண் இரண்டு மடங்குக்கும் மேல். சாலையில் தூவும் உப்பின் சுவடும் அதிகம். வேறுபாடு முழுவதற்கும் சறுக்கு மையமே காரணம் என்று கூறிவிட முடியாது. எனினும் மேல்மண் எங்கிருந்து வருகிறது என்று சிந்திக்க இது போதும்.

துள்ளல் களத்தில் பனியையும் நீரையும் மிச்சப்படுத்த, கோடையிலேயே இயந்திரத்தால் மண்மேடுகள் அமைத்துவிடுவதும் உண்டு. நீர்ச் செலவு குறைவது நல்லதே. ஆனால் சரிவான நிலத்தில் திறந்து கிடக்கும் மண், முதல் பெருமழைக்கே கரைந்துவிடும். 2011 ஆகஸ்ட் 28 அன்று ஐரீன் புயல் மழை வெர்மான்டின் ஆற்றங்கரை வயல்களை வண்டலாலும் கல்லாலும் மூடியது. 2023 ஜூலையிலும் பெருவெள்ளம் வந்தது. இவற்றுக்குச் சறுக்கு மையங்களைக் குற்றம் சொல்வது தவறு. பெய்தது பேய்மழை. ஆனால் அத்தகைய மழை வரும் நாட்டில், மேலே ஒரு கைப்பிடி மண்ணையும் வெறுமையாக விட்டு வைக்கக் கூடாது.

செய்ய வேண்டுவன

முதலாவதாக, கிளேடு அமைக்கும் அனுமதியில் நிறுத்தும் பெரிய மரங்களின் கணக்கோடு நின்றுவிடாமல், விட்டுவைக்கும் கன்றுகளின் கணக்கையும் கேட்க வேண்டும். தடங்களுக்கு இடையே கத்தி படாத திட்டுகளை ஒதுக்கி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தடத்தை மாற்றினால் காடு வாரிசு பெறும்.

இரண்டாவதாக, களத்தை எத்தனை ஏக்கர் பெருக்குகிறார்களோ, அதற்கான நீரை மிகுந்த காலத்திலேயே சேமித்திருக்க வேண்டும். மெலிந்த ஓடையில் குழாய் இறக்கி விரிவாக்கம் செய்யக் கூடாது.

மூன்றாவதாக, மண் கிளறிய இடத்தை அந்தப் பருவத்திலேயே வைக்கோலால் மூடி, அந்த உயரத்தில் வளரக்கூடிய புல் விதையை விதைக்க வேண்டும். சரிவில் மண் அரிப்பைத் தடுக்கக் குறைந்தது 70 சதவீதப் பரப்பையாவது செடிகொடி மூட வேண்டும் என்பது ஆஸ்திரியாவின் கும்பென்ஷ்டைன் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தாரின் அனுபவம். சமவெளிப் புல் விதை மலையுச்சியில் நிலைக்காது என்பதும் அவர்கள் கண்டதே.

நான்காவது, உழவர் செய்ய வேண்டியது. வெர்மான்டில் 1970ஆம் ஆண்டே ‘ஆக்ட் 250’ என்ற நிலப் பயன்பாட்டுச் சட்டம் வந்தது. சறுக்கு மையங்களைச் சுற்றிக் கட்டடங்கள் புற்றீசல் போல் எழுந்ததே அது பிறக்க முக்கியக் காரணங்களுள் ஒன்று. பெரிய திட்டங்களும், 2,500 அடிக்கு மேல் நடைபெறும் கட்டுமானங்களும் நீர், மண் அரிப்பு, விளைநிலம் முதலிய பல அளவுகோல்களால் சோதிக்கப்படுகின்றன. பாதிப்புக்கு உள்ளாகும் பக்கத்து நில உரிமையாளர் அந்த விசாரணையில் பங்கு பெற்றுத் தம் கருத்தைக் கூறலாம். பின்னர் பலமுறை திருத்தப்பட்டாலும் இச்சட்டத்தின் சிறப்பு இதில்தான் உள்ளது.

ஆனால் சட்டம் இடம் கொடுத்தால் மட்டும் போதாது. பால் கறக்கும் நேரத்தை மாற்றிக்கொண்டாவது உழவர் அங்கே செல்ல வேண்டும். தம் ஓடையில் எந்த மாதம் எவ்வளவு நீர் ஓடுகிறது, எந்த மழைக்குப் பின் கலங்குகிறது என்பதை ஆண்டுதோறும் ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தால், பெரிய நிறுவனத்தின் பொறியாளர் முன்னும் அவர் சொல் எடுபடும். ஓடையைத் தினமும் பார்ப்பவர் அவர்தான். அவர் பேசாவிட்டால், மரம் நிற்பதைக் காட்டிக் காடு நிற்கிறது என்று சொல்லிவிடுவார்கள்.